வாரேன் என்று சொன்ன வழக்கு

வீட்டைவிட்டு இறங்கும்போது "வாரேன்" என்று சொன்னேன். அதனால் என் வீட்டுக்கு வாசல் இல்லாமல் போய்விட்டது.

கடைக்குப் போய்த் திரும்பினால் வாசல் இருந்த இடத்தில் சுவர் இருந்தது. வெள்ளையடித்த சுவர். நன்றாகக் காய்ந்தும் இருந்தது. எங்களுக்கு வாடகைக்கு விட்டிருந்த வீட்டுக்காரர் பால்வண்ணன் எதிரில் இருக்கும் தன் வீட்டு முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

"அண்ணாச்சி, வாசல் எங்க?"

"நீதான் போயிட்டியே."

"கடைக்குல்லா போனேன்."

"போகும்போது என்ன சொன்ன?"

"வாரேன்னு சொன்னேன்."

"வாரேன்னு யாரு சொல்லுவா? வெளிய இருக்கவ சொல்லுவா. உள்ள இருக்கவ எதுக்கு வாரேன்னு சொல்லணும்? அப்ப நீ இந்த வீட்டுக்கு இன்னும் வரவே இல்ல."

பேப்பரைத் திருப்பினார். அவர் சொன்னதில் ஒரு ஒழுங்கு இருந்தது. அதுதான் எனக்கு எரிச்சலாக இருந்தது.

உள்ளே என் கணவர் சேவியர் இருந்தார். வாதம் வந்ததிலிருந்து அவருக்கு இடது கையும் காலும் வராது. கட்டிலில்தான் இருப்பார்.

"அவிய உள்ள இருக்காவளே அண்ணாச்சி."

"அவரு வாரேன்னு சொல்லல. அதனால அவரு இருக்கட்டும். கட்டிலோட சேத்து சாமான் கணக்கு."

சுவருக்கு அந்தப் பக்கமிருந்து அவர் கூப்பிட்டார்.

"புஷ்பம், ஏன் இருட்டா இருக்கு?"

"வாசல் இல்லங்க."

"அப்படியா. சரி."

அவர் எதையும் பெரிதாக எடுத்துக்கொள்ள மாட்டார். கல்யாணமானதிலிருந்தே எல்லாவற்றையும் நான்தான் பெரிதாக எடுத்துக்கொண்டு வருகிறேன்.

மேலே ஒரு வெண்டிலேட்டரை மட்டும் விட்டுவைத்திருந்தார்கள். ஸ்டூல் போட்டு ஏறித் தூக்குவாளியைக் கயிற்றில் கட்டி உள்ளே இறக்குவேன். வலது கையால் எட்டி வாங்கிக்கொள்வார். ராத்திரி சுவரில் சாய்ந்து தூங்கினேன். அவர் இருமினால் எனக்குக் கேட்கும். அது போதும் என்று நினைத்தேன்.

ஆனால் சுவர் தடித்துக்கொண்டே வந்தது. முதலில் வெண்டிலேட்டருக்குள் கையை விட்டால் மணிக்கட்டு வரைதான் சுவர் இருந்தது. பிறகு முழங்கை வரை ஆனது. பிறகு தோள் வரை. அவர் குரலும் உள்ளே உள்ளே போயிற்று. ஒரு நாள் காலையில் "இட்லியா தோசையா?" என்று கேட்டேன். மத்தியானம்தான் "இட்லி" என்று கேட்டது.

கோர்ட்டுக்குப் போ என்று தெருவில் சொன்னார்கள். போனேன். பிராதும் கொடுத்தேன். விசாரணைக்கு வரச்சொன்ன நாளில் நல்ல சேலையாக ஒன்றை இரவல் வாங்கிக் கட்டிக்கொண்டு போனேன், என் சேலையெல்லாம் உள்ளே இருந்ததால்.

அந்தக் கோர்ட்டின் வராந்தா தனியாக வருகிறவர்களுக்கு நீளும். அது அங்கே சட்டம். போர்டு எழுதி மாட்டியிருக்கிறார்கள். போர்டு வராந்தாவின் கடைசியில் இருக்கிறது.

நான் நடந்தேன். கோர்ட் அறை எதிரிலேயே தெரிந்தது. நடக்க நடக்க எதிரிலேயே தெரிந்தது. டவாலி வாசலில் நின்று என் பெயரைக் கூப்பிட்டார். முதல் தடவை காதருகே கேட்டது. இரண்டாம் தடவை அடுத்த ஊரில் யாரோ கூப்பிடுவதாகக் கேட்டது. மூன்றாம் தடவை கேட்கவே இல்லை. கூப்பிட்டதாகப் பிறகு சொன்னார்கள், நம்பினேன்.

நான் போய்ச் சேர்ந்தபோது அறையைப் பெருக்கிக்கொண்டிருந்தார்கள். குமாஸ்தா வழக்கை வேறு நாளுக்குத் தள்ளி எனக்கு ஒரு வாய்தா கொடுத்தார்.

வாய்தாவைக் கையில் வாங்குவது எனக்கு அதுதான் முதல் தடவை. கோழிக்குஞ்சு அளவு இருந்தது. கதகதப்பாக இருந்தது. கண் திறக்கவில்லை.

"இது என்ன தின்னும் சார்?"

"நாள் தின்னும். சோறும் தின்னும்."

"வளருமா?"

"அதுக்கு வேற என்ன வேலை?"

வெளியே பெஞ்சில் ஒருவர் கன்றுக்குட்டி அளவு வாய்தாவைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இது எங்கள் அப்பா வாங்கியது என்றார். கொஞ்சம் பெருமையாகவே சொன்னார்.

சாயந்திரம் சுவரோரம் உட்கார்ந்து வாய்தாவுக்குச் சோறு ஊட்டினேன். ஜெயராக்கினி அக்கா வந்து முன்னால் நின்றார். இறால் கம்பெனியில் உரிக்கும் வேலை பார்ப்பவர். கடற்கரைத் தெரு துணைக்குப் போவோர் சங்கத்துக்கு அவர்தான் தலைவர்.

"கோர்ட்டுக்கு யாரு கூட போன?"

"யாரும் இல்லக்கா. தனியாத்தான்."

"கிறுக்கா ஒனக்கு?"

அப்படி ஒருவர் என்னைத் திட்டி வெகு நாளாகியிருந்தது. எனக்குக் கண் கலங்கியது.

அந்தச் சங்கத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் தெருவில் பெண்கள் இருட்டிய பிறகு ஒதுங்கப் போக வேண்டுமென்றால் ஒருத்திக்கு ஒருத்தி துணைக்குப் போவார்கள். பிறகு பிரசவத்துக்குத் துணைக்குப் போனார்கள். ரேஷன் கடைக்கு, தாலுகா ஆபீசுக்கு, போலீஸ் ஸ்டேஷனுக்கு. போகிற இடம் பெருகிவிட்டதால் சங்கமாகப் பதிந்துகொண்டார்கள். பதிகிற இடத்தில் அதிகாரி கேட்டாராம்.

"சங்கத்தோட நோக்கம் என்ன?"

"கூட வாறது."

"வந்து என்ன செய்வீங்க?"

"கூட இருப்போம்."

"அப்புறம்?"

"கூடவே திரும்பி வருவோம்."

அதிகாரி அதற்கு மேல் கேட்கவில்லை. எழுந்து வீட்டுக்குப் போனபோது பஸ் நிறுத்தம் வரைக்கும் அவருக்குத் துணைக்குப் போனார்களாம்.

அக்கா என் வாய்தாவைத் தூக்கி எடை பார்த்தார். "இதத் தனியா வளக்காத, ஒன்ன மேஞ்சிரும்" என்றார். சங்கத்துக் கொட்டகைக்குக் கொண்டுபோனார். அங்கே தெருக்காரர்களின் வாய்தாக்கள் வரிசையாகக் கட்டியிருந்தன. முறை வைத்து ஊட்டினார்கள். பொதுவில் வளர்த்தால் ரொம்பப் பெருக்காது என்றார்கள்.

எனக்கு இலவச வக்கீல் ஒருவரையும் சங்கமே பிடித்துத் தந்தது. அப்படிக் கேட்டு வாங்கலாம் என்பதே எனக்குத் தெரியாது. அவர் பெயர் தேவசகாயம். தங்கமான மனுஷன். கேஸை முழுக்கக் கேட்டார். ஒரு குறை உண்டு. அவர் பேசினால் மறுநாள்தான் குரல் வரும். முதலில் நான் பதறினேன். சங்கத்தில் யாரும் பதறவில்லை. விசாரணைக்கு முந்தின நாளே அவரைக் கோர்ட்டுக்குக் கூட்டிப்போய்ப் பேசவைத்துவிட்டார்கள். காலி அறையில் கையை ஆட்டி ஆட்டி நன்றாகத்தான் பேசினார். என்ன பேசினார் என்று அன்று யாருக்கும் தெரியாது.

விசாரணை நாள் காலையில் வெண்டிலேட்டரில் வாயை வைத்து, "கோர்ட்டுக்குப் போறோங்க" என்று கத்தினேன். பதில் வரவில்லை. இருமல்கூடக் கேட்கவில்லை. நான் ஸ்டூலைவிட்டு இறங்கவில்லை. செல்லக்கிளிதான் என்னை இறக்கினாள். சங்கத்தில் எல்லோருக்கும் முறுக்கு கொண்டுவருகிறவள் அவள்.

"இன்னிக்கு முடிச்சிருவோம்க்கா. வாங்க" என்றாள்.

தெருவே இரண்டு ஷேர் ஆட்டோவில் போனது. வராந்தா எங்களைப் பார்த்தது. நீளலாமா என்று யோசித்தது. பிறகு வேண்டாம் என்று இருந்துவிட்டது. பேசிக்கொண்டே நடந்தோம், அறை வந்துவிட்டது. இவ்வளவுதான் தூரமா என்று எனக்குக் கோபம்கூட வந்தது. என் பக்கத்தில் நடந்தவர்களில் பாதிப் பேர் அன்றைக்குக் கம்பெனிக்கு லீவு சொல்லியிருந்தார்கள். நான் யாருக்கும் அப்படி என்ன செய்தேன் என்று யோசித்துப் பார்த்தேன். ஒன்றும் செய்யவில்லை.

டவாலி கூப்பிட்டார். "மரியபுஷ்பம்!"

"இருக்கோம்" என்றார்கள் எல்லோரும்.

"ஒருத்தர்தாம்மா பதில் சொல்லணும்."

"பேரு அவ பேரு" என்றார் ஜெயராக்கினி அக்கா. "சத்தம் எங்க சத்தம்."

டவாலி குமாஸ்தாவைப் பார்த்தார். குமாஸ்தா நீதிபதியைப் பார்த்தார். நீதிபதி ஒல்லியான மனிதர். மேசை ரொம்பப் பெரியது. கழுத்து வரைதான் தெரிந்தார். சரி என்று தலையாட்டினார்.

வீட்டுக்காரரின் வக்கீல் எழுந்தார்.

"கனம் கோர்ட்டார் அவர்களே. மனுதாரர் 'வாரேன்' என்று சொன்னதை மறுக்கவில்லை. வருகிறேன் என்பவர் இன்னும் வராதவர். வராதவருக்கு வாசல் எதற்கு?"

அவர் உட்கார்ந்ததும் எங்கள் பக்கத்துக் காலி நாற்காலியிலிருந்து தேவசகாயம் சாரின் நேற்றைய குரல் வந்தது.

"எதிர்த்தரப்பு நண்பர் இப்போது சொன்னது தவறு. நம் ஊரில் போகிறவர்தான் 'வாரேன்' என்பார். இதைச் செய்துகாட்ட அனுமதி வேண்டும். நன்றி. இங்கே ஃபேன் போடலாமா?"

நீதிபதி அனுமதி கொடுத்தார். ஃபேனும் போடச் சொன்னார்.

சங்கத்தார் எழுந்தார்கள். "ஐயா, வாரோம்" என்று சொல்லிவிட்டு வெளியே போனார்கள். எங்கள் பக்கம் காலியானது. நான் மட்டும் கூண்டில் நின்றேன். அந்தக் கொஞ்ச நேரத்தில் கூண்டு அகலமாகிக்கொண்டே போனது. அப்புறம் திரும்பி வந்தார்கள். கூண்டு பழைய அளவுக்கு வந்தது.

நீதிபதி எழுதிக்கொண்டே வாய்விட்டுச் சொன்னார். "வாரோம் என்றார்கள். போனார்கள். வந்தார்கள்."

"கனம் கோர்ட்டார் அவர்களே" என்றார் வீட்டுக்காரரின் வக்கீல். "இவர்கள் வெளியாட்கள். வந்து போவது இவர்கள் தொழில். இங்கேயே இருக்கிற ஒருவர் சொல்லிக்காட்டட்டும்."

அங்கேயே இருக்கிறவர் யார் என்று எல்லோரும் யோசித்தோம். குமாஸ்தா மாலையில் வீட்டுக்குப் போகிறவர். டவாலியும் போகிறவர். கடைசியில் எல்லோரும் நீதிபதியைப் பார்த்தோம்.

நீதிபதியும் தன்னைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டார். பிறகு எழுந்தார். முழங்கால் இரண்டும் சத்தம் போட்டன. "வாரேன்" என்று சொன்னார். சொல்லிப் பழக்கமில்லாததால் குரல் கம்மியது. பின்கதவைத் திறந்து வெளியே போனார்.

செருப்புச் சத்தம் கேட்டது. அப்புறம் தூரத்தில் கேட்டது. அப்புறம் கேட்கவில்லை.

காத்திருந்தோம். ஃபேன் சுற்றியது. வீட்டுக்காரரின் வக்கீல் மெதுவாகச் சிரிக்கத் தொடங்கினார்.

"அவர் வரவில்லை. வாரேன் என்றால் போய்விட்டார் என்றே பொருள். குறித்துக்கொள்ளுங்கள்."

குமாஸ்தா பேனாவைத் திறந்தார். அவர் அந்த வரியை எழுதிவிட்டால் சுவர் இன்னும் தடிக்கும். வெண்டிலேட்டரும் அடைபடும். உள்ளே அவர் இருக்கிறார். இடது கை வராது, தண்ணீர் செம்பைக்கூட வலது கையால்தான் எடுக்க வேண்டும். செம்பில் தண்ணீர் இருக்கிறதா என்று எனக்குத் தெரியாது.

ஜெயராக்கினி அக்கா திடீரென்று எழுந்தார்.

"ஏட்டி, அந்த மனுஷன் தனியால்லா போயிருக்காரு!"

"ஆமாக்கா" என்றாள் செல்லக்கிளி. முறுக்கு டப்பாவை எடுத்துக்கொண்டாள். சங்கத்தில் யாரையும் ஒற்றையாக அனுப்புவதில்லை. இருவருமாகப் பின்கதவு வழியே போனார்கள்.

குமாஸ்தா பேனாவைப் பிடித்தபடியே இருந்தார். நல்ல மனுஷன், எழுதவில்லை.

முதலில் பேச்சுச் சத்தம் வந்தது. செல்லக்கிளி தன் மாமியாரைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தாள். பிறகு செருப்புச் சத்தம். பிறகு மூவரும் உள்ளே வந்தார்கள். நீதிபதி நடுவில் இருந்தார். அவர் கையில் பாதி முறுக்கு இருந்தது.

"ரொம்ப நீளமா இருக்கே" என்றார் டவாலியிடம்.

"ஆமாங்க ஐயா. எழுதிப் போட்டிருக்கு."

"படிச்சேன்."

உட்கார்ந்தார். முறுக்கை முடித்தார். மேசைக்கு மேலே இப்போது நெஞ்சு வரை தெரிந்தார்.

"தீர்ப்பு" என்றார். "வாரேன் என்று சொல்லிவிட்டுப் போனவர் திரும்பி வரும்வரை அந்த வீடு அவருடைய வீடுதான். வருவதற்கு நேரமானால், துணைக்கு ஆள் இல்லையா என்று பார்க்க வேண்டும். வாசலைத் திறந்துவிடவும்."

கொட்டகையிலிருந்த என் வாய்தா அந்த நேரத்தில் கயிற்றை உருவிக்கொண்டு கடற்கரைப் பக்கம் போய்விட்டதாகப் பிறகு சொன்னார்கள். போகட்டும்.

தீர்ப்பை நிறைவேற்றும் கோர்ட் அமீனா அதை எடுத்துக்கொண்டு எங்களோடு ஆட்டோவில் வந்தார். சுவர் முன்னால் நின்று சத்தமாகப் படித்தார். சுவர் அப்படியே இருந்தது. மறுபடி படித்தார். பால்வண்ணன் அண்ணாச்சி நாற்காலியில் இருந்தபடி பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீங்களே சொல்லிப் பாருங்கம்மா" என்றார் அமீனா.

நான் சுவரில் கையை வைத்தேன். "வந்துட்டேங்க" என்று சொல்ல வேண்டும். வாய் திறந்தது, சத்தம் வரவில்லை. உள்ளே பதில் சொல்ல ஆள் இல்லாவிட்டால் என்ன செய்வது? நான் நின்றுகொண்டே இருந்தேன். யாரோ என் தோளில் கை வைத்தார்கள். இன்னொருவர் முதுகில் வைத்தார்கள். எல்லோருமாகச் சொன்னார்கள்.

"வந்துட்டோம்!"

சுவரில் வெள்ளை உதிர்ந்தது. உதிர்ந்த இடத்தில் நீலம் தெரிந்தது. அது என் கதவு. தள்ளினேன். திறந்தது.

அவர் கட்டிலில் கண்ணை மூடியிருந்தார். தாடி வளர்ந்திருந்தது. ஓடிப்போய் மூக்கருகே விரலை வைத்தேன்.

"விரல எடு. மூச்சு முட்டுது" என்றார்.

நான் அழுதேன். ஒப்பாரி மாதிரிச் சத்தமாகவே அழுதேன். யாரும் அழாதே என்று சொல்லவில்லை.

"யாரு இவ்வளவு பேரு?"

"துணைக்கு வந்தாவ."

"உக்காரச் சொல்லு."

எங்கள் வீட்டில் உட்கார ஒன்றும் கிடையாது. தரையில் உட்கார்ந்தார்கள். ஒரே அறைதான். எல்லோரும் அடங்கினார்கள். அந்த அறை அவ்வளவு பேரைத் தாங்கும் என்று எனக்கு அதுவரை தெரியாது. செல்லக்கிளி அவருக்கு முறுக்கை நொறுக்கிக் கொடுத்தாள். ஜெயராக்கினி அக்கா செம்பைக் கழுவித் தண்ணீர் பிடித்து வைத்தார். நான் அக்கா கையைப் பிடித்துக்கொண்டு, "அக்கா, ஒங்களுக்கெல்லாம் நான் என்ன செய்யப் போறேன்" என்றேன். "பேசாம இரிட்டி" என்றார்.

கொஞ்ச நேரத்தில் எழுந்தார்கள். நாளைக்குக் கம்பெனி உண்டு. ஒவ்வொருத்தராகப் படியில் நின்று, "வாரேன் புஷ்பம்", "வாரேன் அண்ணே" என்று சொல்லி இறங்கினார்கள்.

அமீனா கையிலிருந்த தீர்ப்பைத் திரும்பப் படித்தார். முகம் மாறியது.

"அண்ணாச்சி, ஒரு விஷயம்" என்றார் பால்வண்ணனிடம். "வாரேன்னு சொல்லிட்டுப் போறவங்க திரும்பி வர்ற வரைக்கும் வீடு அவங்களுது. இவங்க எல்லாரும் இப்பத்தான் சொன்னாங்க."

பால்வண்ணன் அண்ணாச்சி நாற்காலியிலிருந்து எழுந்தார். பேப்பரை மடித்து எறிந்தார்.

"அப்ப எனக்கு இங்கன என்ன இருக்கு? நல்லா இருங்க எல்லாரும். நான் போறேன்!"

தெரு அப்படியே நின்றது. அவர் முதுகுக்குப் பின்னால் அவர் வீட்டு வாசல் ஓரத்திலிருந்து சுவராக வெளுக்கத் தொடங்கியது.

"ஐயோ, போறேன்னு சொல்லாதீய அண்ணாச்சி!" என்று சங்கமே கத்தியது. "போயிட்டு வாரேன்னு சொல்லுங்க!"

நானும் கத்தினேன். எனக்கே ஆச்சரியமாக இருந்தது. ஆனால் வாசல் இல்லாமல் சுவரோரம் தூங்குவது எப்படி இருக்கும் என்று அந்தத் தெருவில் எனக்குத்தான் தெரியும்.

அவர் திரும்பிப் பார்த்தார். தன் வாசல் பாதி வெளுத்திருப்பதைப் பார்த்தார்.

"வாரேன்" என்றார். என் வீட்டைப் பார்த்துச் சொன்னாரா, தன் வீட்டைப் பார்த்துச் சொன்னாரா என்று தெரியவில்லை. இரண்டுக்கும் நடுவில் நின்று சொன்னார். வெளுப்பு நின்றது. ஜெயராக்கினி அக்கா அவருக்குத் துணைக்குத் தெருவைத் தாண்டி அவர் படி வரை போனார்.

எல்லோரும் போன பிறகு உள்ளே வந்தேன். கதவைச் சாத்தவில்லை. அவர் கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தார்.

"எத்தன பேரு வாரேன்னு சொல்லிட்டுப் போயிருக்காவ?"

"எல்லாருமே. பால்வண்ணன் அண்ணாச்சியும்."

அவர் வலது கை விரலை மடக்கி எண்ணினார்.

"அப்ப பெரிய பானைய எடுத்து உலை வையி" என்றார்.